பீலிக்குப் போட்ட பூட்டு

மகனே,

அன்புள்ள என்று முன்னால் சேர்த்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அன்பு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் சில நாட்களாக அதைத் திறந்தால், உன் வீட்டுக் குழாய் ஆரம்பத்தில் பண்ணியதைப்போல, உஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. அதனால் இப்போதைக்கு மகனே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நலமா என்றும் கேட்கப் போவதில்லை. மேட்டில் உன் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கீழே எங்கள் லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் கேட்கிறது. அதைவிட நலம் வேறு என்ன இருக்கிறது?

கூப்பிடு தூரத்தில் இருக்கிற மகனுக்குக் கடிதமா என்று உன் அப்பா கேட்டார். நேரில் வந்தால் நீ நாற்காலியை இழுத்துப் போட்டு, பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கல்யாணம் முடியட்டும் பேசிக்கொள்வோம் என்று என் வாயை அடைத்துவிடுவாய். அடைப்பதில்தான் நீ இப்போது கெட்டிக்காரனாகிவிட்டாயே. கடிதத்தின் வாயை அடைக்க முடியாது. உறையையும் நான் ஒட்டவில்லை. லயத்துப் பெண்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். வழியில் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். பொதுத் தண்ணீர்ப் பீலியைப் பற்றிய பேச்சு பொதுவிலேயே இருக்கட்டும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டும் எடுத்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கினேன். மாப்பிள்ளைத் தண்ணீர் எடுக்க வாருங்கள் என்று அழைக்கத்தான். உனக்குத் தெரியாத வழக்கமா? நம் லயத்தில் ஒரு பையனுக்குக் கல்யாணம் என்றால், நலங்கு அன்று காலையில் பெண்கள் மேளத்தோடு பீலிக்குப் போய், குடங்களை நிறைத்து, குலவை போட்டுக்கொண்டு வந்து அவன் தலையில் ஊற்ற வேண்டும். அவன் எந்தத் தண்ணீரில் வளர்ந்தானோ அந்தத் தண்ணீர். தாய் ஊற்றுவது முதல் செம்பு. உன் அப்பாவுக்கும் அப்படித்தான் ஊற்றினார்கள். அழைத்தால் யாரும் மறுத்ததில்லை. மறுப்பது சண்டைக்காரி வீட்டில்கூடக் கிடையாது.

இந்த முறையும் யாரும் மறுக்கவில்லை. குங்குமம் எடுத்துக்கொண்டார்கள், வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த காம்பராவில் இருக்கிற முத்தம்மாதான் வாயைத் திறந்தாள். "வர்றோங்க்கா, வராம என்னா. எந்நேரம் வரணும்னு மட்டும் கண்டாக்கையாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. நாங்க வர்ற நேரத்துல தண்ணி வராது, தண்ணி வர்ற நேரத்துல நாங்க மலையில நிப்போம்." கண்டாக்கையா என்று உன்னைத்தான் சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். இந்தத் தோட்டத்தில் என் வாய்க்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது என்று பெயரெடுத்தவள் நான். அன்றைக்கு வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நனைந்த கோழி மாதிரி நின்றேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். உனக்கு எல்லாம் தெரியும். காட்டோரத்து ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் மலையுச்சியில் ஒரு சிமெந்துத் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து ஒரே ஒரு இரும்புக் குழாய் இறங்கி, நடுவில் ஒரு மேட்டைக் கடந்து, பள்ளத்தில் இருக்கிற நம் லயத்துப் பீலிக்கு வருகிறது. மூங்கிலைப் பிளந்து வைத்துத் தண்ணீர் கொண்டுவந்த காலத்திலேயே அதற்குப் பீலி என்று பெயர். அந்த நடு மேட்டில் ஒரு வீட்டைக் கட்டி, மலை வேலையை மேற்பார்க்கிற சின்னக் கண்டாக்கு உத்தியோகம் கிடைத்த உனக்குக் கொடுத்தார்கள். வாசல் வழியாகப் போகிற குழாயில் ஒரு கிளை வைத்து நீ உன் வீட்டுக்குள் தண்ணீர் எடுத்தாய். அதற்காக யாரும் உன்மேல் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டோம். நான்தான் மஞ்சள் குங்குமம் வைத்து அந்தக் குழாயைத் திருகினேன்.

திருகினால் தண்ணீர் வரவில்லை. உள்ளங்கையை வைத்தால் கையை உள்ளே இழுத்தது. நீ குழாயைத் திறக்கும்போதெல்லாம் அது காற்றைக் குடித்தது. கீழே பீலி இருமியது. ஏன் என்று நீயே எனக்குச் சொன்னாய், சிரித்துக்கொண்டு. கீழே வாய் திறந்திருக்கும்வரை தண்ணீர் நடு மேட்டில் நிற்காது, பள்ளத்தைப் பார்த்துத்தான் பாயும். பீலியை அடைத்தால்தான் குழாய் நிறைந்து, உன் வீட்டுக்குள் ஏறும். அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? துரைக்கு மேல் பங்களா, கிளாக்கருக்கு அதற்குக் கீழே வீடு, நமக்கு எல்லோருக்கும் கீழே லயம். இத்தனை வருஷமாக இந்த மலையில் எல்லாமே மேலே இருக்கிறவனுக்கு முதலில் போயிருக்கிறது. இந்தத் தண்ணீர் ஒன்றுதான், யார் சொல்லியும் கேட்காமல், கடைசியில் இருக்கிற நம்மைத் தேடி முதலில் வருகிறது என்று நினைத்தேன்.

நீ வேறுமாதிரி நினைத்தாய். ஃபாக்டரியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து, உன் கிளைக்குக் கீழே, லயத்துக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு வைத்தாய். அதைப் பலகைப் பெட்டியால் மூடிப் பூட்டும் போட்டாய். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறக்கிறாய். காலையில் நீ திறந்துவிட்டிருக்கிற நேரம் பெண்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிறார்கள், பேர் கூப்பிடுகிறவன் நீயேதான். மாலையில் நீ திறந்துவிட்டிருக்கிற நேரம் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறார்கள், தராசுக்குப் பக்கத்திலும் நீதான். அவர்கள் எந்த நேரத்தில் எங்கே நிற்பார்கள் என்று இந்த உலகத்தில் உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் மகனைப் பெற்றேன் என்று அழுதுவிட்டுப் போயிருப்பேன். உனக்கு வால்வு வந்தது, எங்களுக்கு வாழ்வு போனது.

நான் கேட்க வந்தபோது மூன்று காரணம் சொன்னாய். பீலி சும்மா ஓடித் தண்ணீர் வீணாகிறது என்றாய். பீலியில் வழிகிற தண்ணீர் முத்தம்மாவின் கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. அந்தக் கீரையைத் தின்று வளர்ந்தவன் வீணென்று சொல்கிறாய். துரையின் உத்தரவு என்றாய். உன் அப்பா பங்களாப் பூந்தோட்டத்தில் இருபது வருஷமாக வேலை செய்கிறவர், கேட்டுப் பார்த்தார். வால்வென்று ஒன்று இருப்பதே துரைக்குத் தெரியவில்லை. பிறகு குரலைத் தணித்துச் சொன்னாயே, அது மட்டும்தான் உண்மை. "வட்டகொடைப் பக்கம் பொண்ணு வீட்ல குழாய்த் தண்ணிம்மா. வந்த மறுநாளே வாளியத் தூக்கிக்கிட்டுப் பீலிக்கு அனுப்பச் சொல்றீங்களா? நான் எங்கருந்து வந்தேன்னு அவங்க பார்க்கணுமா?" என்றாய்.

அதைச் சொல்லும்போது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மேட்டில் குடியிருந்தால் மேட்டுக்குடி ஆகிவிடலாம் என்று உனக்கு யார் சொன்னது? அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் குழாய் கேட்டாளோ இல்லையோ, பூட்டு கேட்டிருக்க மாட்டாள்.

தண்ணீர் விஷயத்தில் திருட்டுத்தனம் செய்யத் தெரியாத குடும்பம் இல்லை நம்முடையது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து, தோட்டத்து ஆட்களான நமக்கு வாக்கும் இல்லை நாடும் இல்லை என்று ஆன அந்த நாட்களில் ஒரு மாசி மாதம், ஊற்று நூலாக இறங்கிவிட்டது. ஒரு குடம் நிறைய அரைநாள் ஆகும். பங்களா முற்றத்தில் மட்டும் அல்லித் தடாகம் தளும்பிக்கொண்டிருந்தது, உள்ளே சிவப்பு மீன்கள். அங்கே சமையல் செய்த அப்புவிடம் போய் நான்கு குடம் கேட்டேன். மீனுக்கு மூச்சு முட்டும் என்றார். எங்களுக்கு முட்டுகிறதே என்றேன். அதற்கு அவர் கதவைச் சாத்தினார். துரை கிளப்புக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் அப்பா பூச்செடிக்குத் தண்ணீர் பிடிக்கிற ரப்பர்க் குழாயை நான் எடுத்து, ஒரு நுனியைத் தடாகத்துக்குள் விட்டு, மதிலுக்கு மேலே ஏற்றி, மறு நுனியை மதிலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் இறக்கினேன். நீ ஆறு வயதுப் பொடியன், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

வாயை வைத்து ஒரே இழுப்பு. பாசியும் மீன்வாடையுமாக ஒரு மடக்கு வாய்க்குள் வந்ததும் துப்பிவிட்டு நுனியைக் கீழே போட்டேன். அதன்பிறகு அது தானாக வந்தது. மதிலேறிக் குதித்துத் தண்ணீர் வருகிறதைப் பார்த்து நீ கைகொட்டினாய். பெண்கள் குடம் குடமாகப் பிடித்தார்கள். மீன்கள் சாகக் கூடாதென்று, உள்ளே விட்ட நுனியைத் தடாகத்தின் அடிவரைக்கும் போகாமல் பாதி ஆழத்திலேயே கட்டிவைத்திருந்தேன். தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் குழாய் காற்றை இழுத்துக்கொண்டு, ஒரு ஏப்பம் விட்டு, நின்றது. மீன்களுக்கு மூச்சும் முட்டவில்லை. திரும்பிவந்த துரை தடாகம் ஒழுகுகிறதென்று தீர்மானித்து, ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொன்னார். இல்லாத ஓட்டைக்கு உன் அப்பா இரண்டு நாள் சிமெந்து பூசினார். இன்றைக்கும் அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அன்று மாலை நீ என்னிடம் கேட்டாய், தண்ணீருக்குக் கால் இல்லையே, மதிலை எப்படி ஏறியது என்று. மதிலுக்கு இந்தப் பக்கம் நீளமாகத் தொங்குகிற தண்ணீர் தன் கனத்தால் கீழே இறங்குகிறபோது, அந்தப் பக்கத்துத் தண்ணீரையும் மேலே இழுத்துக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். பிறகு நீ ஹட்டனில் படித்து அதற்கு இங்கிலீசில் ஒரு பெயரும் காற்றழுத்தக் கணக்கும் கொண்டுவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிடு. ஒன்றை மட்டும் யோசித்துப் பார். நீ ஏறிய மதிலை நீ எப்படி ஏறினாய்?

இருட்டு விலகுமுன் உன்னை மஸ்கெலியாவுக்கு நடத்திக்கொண்டுபோய் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஓட்டமும் நடையுமாக நான் திரும்பி வருவேன். அதற்குள் என் வாசலில் இரண்டு குடம் நிறைந்திருக்கும். ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. முத்தம்மா தனக்குப் பிடித்துவிட்டு எனக்கும் பிடித்து, தூக்கிவந்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாள். நீ படித்த காலம் முழுக்க. உனக்குச் சட்டை வெளுத்தது அந்தத் தண்ணீரில், சோறு வெந்தது அந்தத் தண்ணீரில். நீயாக மேலே போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். கீழே இத்தனை பேர் தங்கள் கனத்தையெல்லாம் கொடுத்துத் தொங்கியதால்தான் நீ மதிலைக் கடந்தாய். கடந்துவிட்டுத் திரும்பி, தொங்குகிறவர்கள் கையையே வெட்டுகிறாய்.

நான் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருக்கிறேன் என்று உனக்கு ஞாபகமிருக்கிறதா? தாய்மார் கொழுந்து பறிக்கிற நேரமெல்லாம் அவர்களுடைய குழந்தைகள் என்னிடம்தான். நீயும் அதே தொட்டிலில் கிடந்தவன்தான். மத்தியானத்தில் தண்ணீர் இல்லாமல் இத்தனை குழந்தைகளின் துணியை எதில் அலசுவது? இப்போது பெண்கள் பள்ளத்து ஆற்றுக்கு இறங்கிப் போய், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வருகிறார்கள். தண்ணீர் தானாக இறங்கிவந்த இடத்துக்கு, மனுஷி அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. போன வாரம் முத்தம்மாவின் மருமகள், நிறைமாதக்காரி, அந்த வழுக்குப் பாதையில் விழுந்தாள். குடம் நசுங்கியது, அவளுக்கு முழங்கை தேய்ந்தது, அதோடு போயிற்று. அதோடு போகாமலிருந்தால் என்ன செய்திருப்பாய்? அந்த வீட்டுக்கும் நான் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கட்டுப்போட்ட கையால் குங்குமம் எடுத்துக்கொண்டாள்.

உன் அப்பா கல்யாணம் முடிகிறவரை பொறுக்கச் சொல்கிறார். "அவன் உத்தியோகக்காரன், நாலு பேர் முன்னால தலைகுனிய வச்சிராத புள்ள" என்கிறார். நாலு பேருக்கு முன்னால் அவன் தலைகுனியக் கூடாதென்றால், நாற்பது வீட்டுக்கு முன்னால் நான் குனிந்து நிற்கலாமா என்று கேட்டேன். அதற்கு அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கண்டாக்கு என்றால் கண்டும் காணாதவர் என்று நாங்கள் வயதுப் பிள்ளைகளாக இருந்தபோது கேலி செய்வோம். அதைக் கேட்டு முதலில் சிரிப்பவர் உன் அப்பா. இப்போது அவரே காணாதவராகிவிட்டார், மகன் பாசத்தில்.

நான் செய்ய நினைத்தால் உன் பூட்டு எனக்கு ஒரு பொருட்டா? கொண்டை ஊசி போதும். அல்லது உன் வீட்டுக் கிளைக்கு மேலேயே குழாயைக் கழற்றி, நீ சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து வேடிக்கை காட்டலாம். பெண்கள் கேட்டார்கள், எனக்கும் கை துறுதுறுத்தது, மறைக்கவில்லை. வேண்டாம் என்று விட்டேன். துரையின் தடாகத்தில் திருடினேன் என்றால் அவர் எனக்கு யாரோ. மகன் வீட்டுக் குழாயில் நான் ஏன் திருட வேண்டும்? பூட்டியவன் நீ. திறக்க வேண்டியவனும் நீதான், என் கொண்டை ஊசி இல்லை.

எனக்கு ஆறாத ஆத்திரம் எதில் தெரியுமா? உனக்கு அந்தப் பூட்டே தேவைப்படவில்லை. லயம் அடங்கிய பிறகு விடியும்வரை பீலியில் யாருக்கு வேலை? சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது பீலி வாயில் ஒரு கட்டையை அடித்துவிட்டுப் போங்கள், நான் வீட்டில் ஒரு பெரிய பீப்பாய் வைத்து நிறைத்துக்கொள்கிறேன், விடிந்ததும் எடுத்துவிடுங்கள் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கடைசியில் போகிறவள் யாரோ அவள் அடைத்துவிட்டுப் போயிருப்பாள். முத்தம்மா உனக்காகத் தினமும் அதைச் செய்திருப்பாள், ஒரு பாட்டும் பாடியிருப்பாள். உன் பெண்டாட்டிக்குப் பகல் முழுக்கத் தண்ணீர் இருந்திருக்கும். கீழே இருக்கிறவர்கள் மனம் வைத்து அடைத்தால் தண்ணீர் உன் வீட்டுக்கு ஏறும். நீ அவர்களிடம் வந்து கேட்க வெட்கப்பட்டாய். வாளியோடு பீலிக்கு வருவதைவிட, வாயைத் திறந்து கேட்பது உனக்குக் கேவலமாகப் பட்டிருக்கிறது. கேட்கத் தெரியாதவன் குடும்பம் நடத்தப் போகிறான். நாளைக்கு அந்தப் பெண்ணிடம் ஒன்று வேண்டுமென்றாலும் பூட்டுத்தான் போடுவாயா? கேட்டு வாங்கிப் பழகு. மறுத்தால் மறுபடியும் கேள். புருஷன் ஆவதற்கு எனக்குத் தெரிந்து அதைவிட முக்கியமான பாடம் இல்லை, அதை ஹட்டனில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அவளிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று முதல் நாளே சொல்லிவிடு. இந்தப் பீலியில்தான் என் அம்மா என்னைக் குளிப்பாட்டினாள் என்று காட்டு. அவள் முகம் சுளித்தால் அது அவள் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சுளிக்காதே.

இனி வியாழக்கிழமை நலங்கு விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குக் காலையில் பெண்கள் வேலைக்கு வரமாட்டார்கள், பேர் கூப்பிட்டுக் களைத்துப்போகாதே. மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது. முத்தம்மாவும் வருகிறாள், அவள் மருமகளும் முடிந்த தூரம் வருவாள். குடங்களைப் புளி போட்டு விளக்கி, மஞ்சள் தடவி, நாங்கள் பீலியில் போய் நிற்போம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் நிறைத்துக்கொண்டு வருவோம். நடந்ததைப் பற்றி உன் கல்யாணத்தில் ஒருத்தியும் ஒரு வார்த்தை பேச மாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. ஓடாவிட்டால் யாரும் வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. அதே வரிசையில், அதே மேளத்தோடு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக் குலவை போட்டுக்கொண்டு மேடேறி, பின்பக்கமாக இல்லை, முன்வாசல் வழியாக, வட்டகொடையிலிருந்து வந்திருக்கிற சம்பந்திகளுக்கு நடுவே வருவோம்.

நீ மணைப்பலகையில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திரு. முதல் செம்பு என்னுடையது, அதை வேறொருத்திக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை உன் தலையில் கவிழ்ப்பேன்.

உன் அம்மா